சின்னப்பாட்டியின் டிரங்குப் பெட்டியில் 400 கடிதங்கள்: எரிப்பதா, அச்சிடுவதா?

கேள்வி: என் பாட்டியின் தங்கை 1930-களிலிருந்து முப்பது வருடம் ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேடம்) கட்டியவர். வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் ஊர் ஊராகப் பேர் வாங்கியவர். பிள்ளைகள் இல்லை, உயிலும் எழுதவில்லை. அவருடைய டிரங்குப் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஏறக்குறைய 400 கடிதங்கள். சிலவற்றில் பூஞ்சணம், பலவற்றில் துருப்பிடித்த குண்டூசி. பயந்துபோய் பதினொரு கடிதங்களை லேமினேட் செய்துவிட்டேன். சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு கட்டு மட்டும், அவரோடு நடித்த ஒரு ராஜபார்ட் (கதாநாயக நடிகர்) எழுதியது. அவர் அப்போது குடும்பஸ்தர். பெரியப்பா அதை எரிக்கச் சொல்கிறார். ஒரு பத்திரிகை அதையே வெளியிடக் கேட்கிறது. ஓர் ஆய்வு மாணவி எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்கிறார். மீதமுள்ள, நாடகம் வைக்கும் காண்ட்ராக்டர்கள் எழுதிய கார்டுகளையும் கணக்குச் சீட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடலாமா? மூன்று கடிதங்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமான மூன்று. லேமினேஷனை இன்றோடு நிறுத்துங்கள். சிவப்பு ரிப்பன் கட்டை எரிக்க வேண்டாம், பத்திரிகைக்கும் கொடுக்க வேண்டாம். காண்ட்ராக்டர் கார்டு ஒன்றுகூட எடைக்குப் போகக் கூடாது. காரணங்களைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

லேமினேட் ஆன பதினொன்றையும் பிரிக்க முயலாதீர்கள். சூட்டில் உருகிய பசை காகித இழைக்குள் இறங்கியிருக்கும்; பிளாஸ்டிக்கை உரித்தால் மையும் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும். அவற்றைத் தனி உறையில் வைத்து, இரு பக்கமும் படம் எடுத்துவிட்டு, காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் பார்க்கும்வரை அப்படியே விடுங்கள்.

அடுத்து, கட்டுகளை அவிழ்ப்பதற்கு முன் செய்யவேண்டியது. பெட்டியைத் திறந்தவுடன் மேலிருந்து ஒரு படம். ஒவ்வோர் அடுக்கை எடுக்கும்போதும் ஒரு படம். ஒவ்வொரு கட்டையும் கட்டிய நிலையிலேயே நாலு பக்கமும் எடுங்கள்: எந்த நூல், என்ன முடிச்சு, மேலே எந்தக் கடிதம், கீழே எது. தேதிவாரியாக அடுக்கிவிடலாம் என்று எல்லோருக்கும் கை பரபரக்கும். தேதிவாரியான பட்டியலை நாளைக்கு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சின்னப்பாட்டி எதை எதனோடு சேர்த்து வைத்திருந்தார் என்பதை ஒருமுறை கலைத்தால் திரும்பப் பெறவே முடியாது. ஒரு ரசிகர் கடிதம் காண்ட்ராக்டர் கார்டுகளின் நடுவே கிடந்தால் அது தவறி விழுந்ததாக இருக்கலாம். அந்த ரசிகரே பின்னால் நாடகம் வைத்தவராகவும் இருக்கலாம். இடம் கலையாமல் இருந்தால்தான் அந்தச் சந்தேகமாவது எழும்.

படம் எடுத்தபின் கட்டுக்கு ஓர் எழுத்து, கடிதத்துக்கு ஓர் எண். மூன்றாவது கட்டின் 17-ஆவது கடிதம் ‘இ-17’. பின்பக்கக் கீழ் மூலையில் மென்மையான 2பி பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட், ஸ்கெட்ச், ஒட்டும் ஸ்டிக்கர் எதுவும் கூடாது. கடிதத்தையும் அதன் உறையையும் பிரிக்காதீர்கள். கடிதத்தில் தேதி இல்லாதபோது உறையின் தபால் முத்திரைதான் ஒரே சாட்சி.

பூஞ்சணம் பிடித்தவற்றை மற்றவற்றிலிருந்து உடனே ஒதுக்குங்கள். பார்க்கும்போது என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய தூரிகையின் நுனியால் தொட்டால் ஈஷிக்கொண்டு வந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் அடங்கிவிட்டது. ஈரமானவற்றை நிழலில், காற்றோட்டமான அறையில், மின்விசிறி நேராகப் படாமல் இரண்டு மூன்று நாள் உலரவிட்டு, முழுக்கக் காய்ந்தபின் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடையுங்கள். வெயிலில் காயப்போடுவதுதான் பலரும் செய்கிற தவறு. பூஞ்சணம் போகும், கூடவே மையும் வெளிறிவிடும். ஸ்பிரிட், டெட்டால், ஈரத்துணி எதுவும் வேண்டாம்.

ஈரம் ஏன் இவ்வளவு ஆபத்து என்பதற்கு நீங்கள் அனுப்பிய முதல் படமே சாட்சி. சாம்பல் நிற எழுத்துக்கு நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் கத்தரிப்பூ நிறத் திட்டு தெரிகிறதல்லவா? அது காப்பி பென்சில். உலர்ந்திருக்கும்போது சாதாரண பென்சில் போலத்தான் இருக்கும். கரியோடு கலந்திருக்கும் சாயம் ஒரு துளி நீர் பட்டால் விழித்துக்கொண்டு ஊதாவாகப் பரவும். சுருண்ட காகிதத்தை நிமிர்த்த நீராவி காட்டினால் அந்தப் பக்கம் முழுவதும் போய்விடும். பிரகாசமான நீல மை, சிவப்பு மை இரண்டும் இதே மாதிரிதான். மடிப்பு விழுந்த கடிதங்களை இரண்டு வெள்ளை ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து இரண்டு வாரம் விடுங்கள். ஈரமில்லாமலே பாதி நிமிரும், அது போதும்.

குண்டூசியைப் பிடித்து இழுக்காதீர்கள். துரு காகிதத்தோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் ஓட்டை பெரிதாகும். ஊசிக்கும் காகிதத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் மெல்லிய பாலியெஸ்டர் தாள் துண்டைச் செருகுங்கள். ஊசியை மெதுவாக அசைத்துத் துருப்பிடியைத் தளர்த்தி, பிறகு காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை மட்டும் வழுக்கி எடுங்கள். அசையவே மறுத்தால் விட்டுவிடுங்கள். ஊசி குத்தியிருந்த தாள்கள் எவை எவை என்று பட்டியலில் குறியுங்கள். செலோடேப் ஒட்டிய இடத்தில் கையே வைக்க வேண்டாம்.

டிரங்குப் பெட்டி சின்னப்பாட்டியின் நினைவுப்பொருளாக இருக்கட்டும், கடிதங்கள் அதற்குள் திரும்பப் போக வேண்டாம். தகரம் வெயிலில் சூடாகி, இரவில் குளிர்ந்து, உள்ளுக்குள் வேர்க்கும். அமிலமற்ற அட்டைப்பெட்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், இரண்டு முறை துவைத்துக் கஞ்சி போடாமல் காயவைத்த வெள்ளைக் காடாத் துணியில் சுற்றி, சுத்தமான அட்டைப்பெட்டியில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஓலைச்சுவடி மாதிரி சிவப்புத் துணியில் கட்டும் வழக்கம் உண்டு. துணி நனைந்தால் சாயம் இறங்கும், வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் கிளம்பும், 45 முதல் 55-க்குள் இருப்பது நல்லது. ஒரு சின்ன ஈரமானி வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள். அந்துருண்டை மூச்சுக்கு ஆகாது, காகிதத்தோடு போடாதீர்கள். வேப்பிலை, வசம்பு போன்றவை நேரடியாகப் பட்டால் கறை விழும். ராமபாணப் பூச்சி அரித்த கட்டு இருந்தால், காய்ந்த நிலையில் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறையில் விடவேண்டும்; உடனே திறந்தால் குளிர்ந்த காகிதத்தில் பனித்துளி கோக்கும். போட்டோக்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

படம் எடுக்கும்போது வண்ணத்திலேயே எடுங்கள். ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலிகள் தாமாகக் கறுப்பு வெள்ளையாக்கி, மங்கலான பென்சில் எழுத்தைக் ‘கறை’ என்று அழித்துவிடும். தட்டை ஸ்கேனர் என்றால் அங்குலத்துக்கு 400 புள்ளி, டிஃப் (TIFF) கோப்பு. கார்டானாலும் உறையானாலும் முன்னும் பின்னும். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள், அதில் அழுந்திய எழுத்தின் தடம் இருக்கலாம். மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

இனி படிப்பது. உங்கள் இரண்டாவது படத்தில் தலைப்பில் ‘உ’ என்ற பிள்ளையார் சுழி, அதன் கீழே ‘தாது௵ தை௴ 14௳’ என்று இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் இந்தக் குறிகளை ‘ளு’, ‘மீ’, ‘உ’ என்ற எழுத்துகளாகப் படித்துக் குழம்புவார்கள். அவை வருஷம், மாதம், நாள். அதே கார்டில் வரும் ௸ ‘மேற்படி’, ௹ ரூபாய். தாது வருஷம் 1936 ஏப்ரலில் பிறந்தது. ஆகவே அதன் தை மாதம் 1937 ஜனவரியில் வரும். 14-ஆம் நாள் என்றால் ஜனவரி கடைசி வாரம். தை, மாசி, பங்குனி மூன்றையும் முந்தின ஆங்கில ஆண்டில் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. அறுபது வருஷச் சுற்றில் பிரபவ 1927, யுவ 1935, ஈஸ்வர 1937, பார்த்திப 1945, நந்தன 1952 என்று ஒரு சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள். கிழமை கொடுத்திருந்தால் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள்.

தேதியே இல்லாத கடிதத்துக்குத் தபால்தலை பேசும். ஜார்ஜ் மன்னர் தலை என்றால் ஐந்தாமவரா, ஆறாமவரா என்று பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் தலைகள் 1937-இல்தான் வந்தன. பழையவையும் சில காலம் கூடவே ஓடின. சுதந்திர இந்தியாவின் முதல் தலை 1947 நவம்பர். இன்லண்டு லெட்டர் என்றால் 1950-க்கு முன் இருக்க முடியாது. ‘நயா பைசா’ அச்சிட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பின். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பின். வெளிநாட்டுக் கடிதங்களும் இருக்கும், நாடகக்காரர்கள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போய்வந்த காலம் அது. பர்மாவுக்குத் தனித் தபால்தலை 1937-இல் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ரங்கூனிலிருந்து எழுதிவந்தவர் திடீரென்று நின்றுபோயிருந்தால், மனஸ்தாபம் என்று முடிவுகட்டுவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

எழுத்தைப் பெயர்க்கும்போது திருத்தாதீர்கள். அந்தக் காலக் கையெழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள், ‘ர’வும் துணைக்காலும் ஒரே கோடு, எகர ஏகார வித்தியாசம் இராது. ‘வரவு’, ‘வாவு’ இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பொருளைக் கொண்டுதான் பிரிக்க முடியும். உறுதியில்லாத சொல்லைச் சதுர அடைப்பில் போட்டுக் கேள்விக்குறி இடுங்கள். கடிதத்தின் கையெழுத்து அனுப்பியவருடையது என்றும் எடுத்த எடுப்பில் நம்ப வேண்டாம். சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிக்கொடுப்பது அன்று சாதாரணம். அடியில் இருக்கும் ஒப்பத்தின் மை வேறாக, கை நடுக்கமாக இருந்தால் அது சொல்லி எழுதவைத்த கடிதம். உங்கள் மூன்றாவது படம், அந்த ரசிகையின் கடிதம், அப்படித்தான் தெரிகிறது.

இப்போது எடைக்குப் போட நினைத்த கார்டுகள். தை 14 தேதியிட்ட அதே காண்ட்ராக்டர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டே வரி. அதில் நாடகம் பவளக்கொடி. ராஜபார்ட் யார், பபூன் யார். ஆர்மோனியம் உங்கள் சின்னப்பாட்டியே அழைத்துவர வேண்டும். அட்வான்ஸ் மணியார்டரில் வருகிறது, பாக்கி கொட்டகையில். ரயிலடிக்கு வண்டி வரும். துணைக்கு வருகிறவர் ஒருவருக்கு மேல் என்றால் சாப்பாட்டுச் செலவு அவர்களைச் சேர்ந்தது. ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் கம்பெனி கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பேசி, ஒரு ராத்திரிக்கு ஒன்றுசேர்ப்பார்கள். ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்திப்பார்கள். அந்த ஏற்பாடு எப்படி நடந்தது, பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள், ஆணுக்கு என்ன, ஊருக்கு ஊர் எவ்வளவு வித்தியாசம் என்பதெல்லாம் எழுத்தில் பதிவாகியிருப்பது இந்த மாதிரிக் கார்டுகளில்தான். நாடக நோட்டீஸ் ஊருக்குச் சொன்ன விளம்பரம், கார்டோ நடந்த பேரம். இருநூறு கார்டு இருந்தால் ஒரு நடிகை ஒரு வருஷத்தில் எத்தனை ராத்திரி கண்விழித்தார், எந்த மாதம் தொழில் இல்லாமல் உட்கார்ந்திருந்தார் என்று கணக்கெடுக்கலாம். சிவப்பு ரிப்பன் கட்டைவிட நாடக வரலாற்றுக்கு இது பெரிய சொத்து என்பது என் திடமான அபிப்பிராயம்.

அடுத்தது உரிமை. டிரங்குப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் சின்னப்பாட்டிக்கு வந்தவை. அவர் எழுதியவை யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. காகிதம் கடிதத்தைப் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப்பின் அவர் வாரிசுகளுக்கு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ராஜபார்ட்டின் கடிதங்களை அச்சிட அனுமதி கொடுக்க உங்களால் முடியாது, அவர் வாரிசுகள்தான் எழுத்தில் கொடுக்க வேண்டும். ‘எழுதியவர் இறந்து 60 வருஷம் ஆகிவிட்டது, யாரும் போடலாம்’ என்று பத்திரிகைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுதியவர் காலத்தில் பிரசுரமாகாத எழுத்துக்கு அந்த 60 ஆண்டு, முதன்முதலாக அது பிரசுரமான பிறகே எண்ணத் தொடங்குகிறது. இறந்தவரைப் பற்றியதானாலும், உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு வெளியிட்டால் அவதூறு வழக்குக்கும் இடமுண்டு. ஆய்வு மாணவி உங்கள் வீட்டில் உட்கார்ந்து படிக்கவும் குறிப்பெடுக்கவும் இந்தச் சட்டம் தடையில்லை. அவரிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: என்னென்ன எண்ணுள்ள கடிதங்களைப் பார்த்தார், எதை மேற்கோள் காட்டப்போகிறார் என்று எழுதிக் கையொப்பம்.

பெட்டி யாருக்குச் சொந்தம் என்பதும் இருக்கிறது. உயில் எழுதாத இந்துப் பெண்ணின் சொத்துக்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது: பிள்ளைகளும் கணவரும், பிறகு கணவரின் வாரிசுகள், பெற்றோர், தந்தையின் வாரிசுகள், தாயின் வாரிசுகள். குடும்ப வரைபடத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி வாரிசுகள் யார் என்று உறுதிசெய்து, எல்லோரிடமும் ஒரே தாளில் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள். பெரியப்பாவும் அதில் ஒருவராக இருக்கலாம். அவரும் தனியாக எரிக்க முடியாது, நீங்களும் தனியாகக் கொடுக்க முடியாது. இன்னொன்று: 75 ஆண்டு கடந்த, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். வெளிநாட்டு நூலகம் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் மூலத்தை அனுப்ப முடியாது, டிஜிட்டல் பிரதி கொடுக்கலாம்.

பெரியப்பாவின் பேச்சில் இருக்கும் வேதனையை நான் லேசாக எண்ணவில்லை. நாடகக்காரி என்ற ஒரு சொல்லால் அந்தக் காலக் குடும்பங்கள் பட்டது கொஞ்சமல்ல. அந்த ராஜபார்ட்டின் வீட்டில் இன்று இருக்கும் பேரன் பேத்திகளுக்கும் மனசு உண்டு. ஆனால் எரித்தால் சின்னப்பாட்டியின் பக்கத்து நியாயமும் சேர்ந்து எரியும். ஊர் பேசிய பேச்சு மட்டும் மிச்சமிருக்கும். நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவுக்கு, அவரோடு நடித்து அவரையே மணந்த கே.பி.சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிழைத்துக் கிடந்ததால்தான், 1933-இல் கிட்டப்பா மறைவதற்கு முன் அந்த வாழ்க்கையில் அந்த அம்மாள் பட்ட பாட்டை அவருடைய வார்த்தையிலேயே நாம் அறிகிறோம். உங்கள் கட்டில் அதற்கு நேர்மாறாக ஆண் எழுதியது மட்டும் இருக்கிறது. பதில்கள் அவர் வீட்டில் இருக்கலாம், எரிந்தும் இருக்கலாம். ஒரு பக்கத்துப் பேச்சை வைத்துச் சின்னப்பாட்டியை எடைபோடும் கட்டுரைக்கு இடம்கொடுக்காமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

ஆகவே கட்டை மூடி முத்திரையிடுங்கள். பெரியப்பா முன்னிலையிலேயே செய்யுங்கள். அவருக்கும் மனசு அடங்கும். ரிப்பனை அவிழ்த்து, சாயம் ஒட்டாமல் தனிக் காகித உறையில் போட்டு, கட்டோடு சேர்த்தே வையுங்கள். கடிதங்களை எண்ணி, எண் போட்டு, படம் எடுத்து, அந்தப் படங்களைத் தனி வட்டில் கடவுச்சொல்லோடு வைத்து, கட்டை அமிலமற்ற உறையில் இட்டு ஒட்டுங்கள். உறையின் மேல் பென்சிலால்: கட்டின் எழுத்து, கடித எண்ணிக்கை, மூடிய தேதி, திறக்கும் ஆண்டு, அதற்கு முன் திறக்க வேண்டுமானால் யார் யார் சம்மதம் தேவை. முப்பது வருஷம் என்பது பொருத்தமான காலமாகப் படுகிறது. இன்று மனம் நோகக்கூடியவர்களில் பெரும்பாலோரைக் கடந்துவிடும்.

பொதுவான கட்டுகளுக்கு ஒரு நூலகத்தை அணுகலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் தமிழ் அச்சுப்பொருட்களைப் படமெடுத்துப் பாதுகாத்துவருகிறது. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகங்களோடு உங்கள் கார்டுகளை வைத்துப் படிப்பவர்களுக்கு அங்கே இரண்டும் பேசும். எங்கே கொடுத்தாலும் தானமா, பாதுகாப்பில் வைப்பதா, டிஜிட்டல் பிரதி மட்டுமா என்பதை எழுத்தில் முடிவுசெய்யுங்கள். எண்ணிட்ட பட்டியலில் நூலகத்தின் ஒப்பம் வாங்குங்கள். மூடிய கட்டையும் அங்கேயே வைப்பதானால், திறக்கும் ஆண்டு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். உறைமேல் எழுதியது மட்டும் போதாது.

கடைசியாக ஒரு வேலை, இதைத் தள்ளிப்போடாதீர்கள். கார்டுகளின் அனுப்புநர் முகவரிகளை ஊர்வாரியாகப் பட்டியலிடுங்கள். ஆர்மோனியக்காரர், பின்பாட்டுக்காரர், கூட நடித்த பெண்கள் ஆகியோரின் வீடுகளில் சின்னப்பாட்டி கைப்பட எழுதியவை இன்னும் இருக்கலாம். நாடக நடிகர் சங்கங்களில் மூத்தவர்களிடம் கேட்டால் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவரும். மூலத்தைக் கேட்காதீர்கள், படம் எடுக்க மட்டும் அனுமதி கேளுங்கள். போகும்போது அவர்கள் வீட்டுப் பெரியவர் எழுதிய கார்டின் நல்ல பிரதி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.